கிலோ கணக்கும் ஆள் கணக்கும்: இயக்க நரம்பு நோய் ஆய்வில் கையை அளப்பது

இயக்க நரம்பு நோய்க்கென்று முதன்முதலில் அங்கீகாரம் பெற்ற மருந்து ரிலுசோல். 1994இல் பென்சிமோன் குழுவினர் 155 நோயாளிகளிடம் அதைச் சோதித்து இரண்டு செய்திகளை வெளியிட்டார்கள். மருந்து எடுத்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். அவர்களுடைய தசை வலு குறையும் வேகமும் மட்டுப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 959 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு வந்தது. ஆயுள் நீடிப்பு அதிலும் தெரிந்தது. தசை வலுவில் மட்டும் வித்தியாசம் இல்லை.

மருந்து ஒன்று, நோயும் ஒன்று. முதல் ஆய்வில் தெரிந்த தசைப் பலன் இரண்டாவதில் எங்கே போனது? மருந்து தசைக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லலாம். மருத்துவர் தன் கையால் எதிர்த்து அழுத்திப் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போடும் பழைய முறைக்கு அவ்வளவு சிறிய பலனைப் பிடிக்கும் கூர்மை போதவில்லை என்றும் சொல்லலாம். இரண்டாவது சந்தேகம்தான் கடந்த முப்பது ஆண்டுகளாக நரம்பியல் ஆய்வகங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. ஆயுளை மட்டும் அளவுகோலாக வைத்தால் ஆய்வுக்கு நூற்றுக்கணக்கான நோயாளிகள் வேண்டும். ஒன்றரை ஆண்டு காத்திருக்க வேண்டும். எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ண வேண்டும். நரம்பையும் தசையையும் நம்பகமாக அளக்க முடிந்தால் அதே பதில் ஆறு மாதத்தில், குறைந்த ஆட்களை வைத்துக் கிடைத்துவிடும். ஆசை நியாயமானது. ஆனால் அந்த நம்பகம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கருவிக்குள் இருந்து வருவதாக நினைக்கிறார்கள். என் கணிப்பில் அது பாதி அளக்கப்படும் கையிலும், மீதி அளக்கிற கையிலும் இருக்கிறது. இதை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

முதலில் சோதனையைப் பார்த்துவிடுவோம். நோயாளியின் கட்டைவிரல் மேட்டில் ஒரு மின்முனையும், விரல் மூட்டில் இன்னொன்றும் ஒட்டப்படும். மணிக்கட்டில் நரம்பின் மேல் சிறு மின்னதிர்ச்சி கொடுப்பார்கள். கட்டைவிரல் சுண்டி எழும். திரையில் ஒரு மேடு வரையப்படும். அந்த மேட்டின் உயரம்தான் தசையின் மொத்த மின்துடிப்பு, மில்லிவோல்ட்டில் சொல்வார்கள். சில நிமிட வேலை. எண் வந்துவிடும். எண் வந்ததாலேயே அதை நம்பிவிடத் தோன்றும்.

அந்த எண் மறைக்கிற விஷயம் ஒன்று உண்டு. முதுகுத்தண்டில் உள்ள ஓர் இயக்க நரம்பணு செத்தால் அதன் பிடியில் இருந்த தசை இழைகள் அநாதையாகும். பக்கத்தில் உயிரோடு இருக்கும் நரம்புகள் கிளைவிட்டு அந்த இழைகளைத் தத்தெடுத்துக்கொள்ளும். ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இது பழகிய கதை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஐந்து பேர் வரவில்லை என்றால் அவர்களுடைய நிரைகளைப் பக்கத்து நிரைக்காரர்கள் சேர்த்து வெட்டுவார்கள். ஸ்டோரில் பால் நிறுக்கும் கிராணியின் புத்தகத்தில் அன்றைய கிலோ கணக்கு ஏறக்குறைய வழக்கம்போலவே இருக்கும். புத்தகத்தை மட்டும் பார்க்கிற துரைக்கு ஆள் குறைந்தது தெரியாது. இன்னும் பத்துப் பேர் குறைந்து, மீதிப் பேரால் சமாளிக்க முடியாமல் போகும் நாளில்தான் எடை மடமடவென்று சரியும். மொத்த மின்துடிப்பு என்பது இந்தக் கிலோ கணக்கு. மெதுவாகப் போகும் நோயில் நரம்பணுக்களில் பாதிக்கு மேல் போன பிறகும் அது இயல்பான எல்லைக்குள்ளேயே நிற்கலாம்.

ஆகவே ஆள் கணக்கு எடுக்க வேண்டியிருந்தது. 1971இல் ஆலன் மெக்கோமஸும் அவருடைய குழுவினரும் பாதத்தின் மேற்புறத்துச் சிறு தசை ஒன்றில் அதைச் செய்துகாட்டினார்கள். மின்னதிர்ச்சியை மிகச் சிறிதாகத் தொடங்கி இம்மி இம்மியாகக் கூட்டினால், நரம்பிழைகள் ஒவ்வொன்றாகச் சேரும்போது திரையில் உள்ள மேடும் படிப்படியாக உயரும். ஒரு படியின் சராசரி உயரத்தால் மொத்த உயரத்தை வகுத்தால் எத்தனை நரம்பணுக்கள் வேலையில் இருக்கின்றன என்ற தோராயம் கிடைக்கும். நலமானவர்களுக்கு அந்தத் தசையில் சுமார் 200 வந்தது. இந்த முறைக்கு மியூன் என்று பெயர். பின்னால் அதற்குப் பல வடிவங்கள் பிறந்தன.

அவற்றில் ஒன்றான புள்ளியியல் மியூன் பட்ட பாடு தனியாகச் சொல்ல வேண்டியது. ஒரே அளவு மின்னதிர்ச்சியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் பதில் மேடு கொஞ்சம் கூடிக் குறையும். சில நரம்பிழைகள் ஒரு முறை பதில் தரும், மறுமுறை தராது என்பதால் அந்த ஆட்டம் வருகிறது என்று வைத்துக்கொண்டு, ஆட்டத்தின் அளவிலிருந்து ஒரு நரம்பணுவின் பங்கைக் கணக்கிடுவது இம்முறை. நலமான கைகளில் அழகாக வேலை செய்தது. 2004இல் வெளியான கிரியேட்டின் ஆய்வில் 14 மையங்களில் 104 நோயாளிகளிடம் இதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். பயிற்சி கொடுத்தால் பல மையங்களிலும் ஒத்த முடிவு எடுக்கலாம் என்று தெரிந்தது. 2006இல் வெளியான செலிகாக்சிப் ஆய்வில் 300 பேர். இதற்கிடையில் அடிப்படையான ஒரு கோளாறு புலப்பட்டது. நோய் கண்ட கையில், புதிதாகக் கிளைவிட்ட இணைப்புகள் இன்னும் உறுதிப்படாததால் தனி நரம்பணுவின் துடிப்பே ஒவ்வொரு முறையும் வேறுபடுகிறது. முறை அந்த ஆட்டத்தையும் சேர்த்துப் பிடித்து, ஒவ்வொரு நரம்பணுவும் உண்மையில் இருப்பதைவிடப் பெரியது என்று கருதிவிட்டது. ஆள் கணக்கு தப்பியது. கிரியேட்டின் ஆய்வை நடத்திய ஷெஃப்னர் குழுவினர் முதலில் முறையைத் திருத்திப் பார்த்தார்கள். பிறகு நரம்பின் மேல் பல இடங்களில் படி எண்ணும் பழைய வழிக்கே திரும்பி, 2011இல் அதன் பயனைக் காட்டினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, புள்ளியியல் மியூன் திரும்பத் திரும்ப ஒரே விடையைத் தந்தது என்பதைத்தான். எந்த அனுமானத்தின் மேல் முறை நிற்கிறதோ அந்த அனுமானத்தையே நோய் உடைத்துவிட்டால், ஒத்த விடை வருவதால் என்ன பயன்?

இப்போது பரவலாக உள்ளது மியூனிக்ஸ். நந்தேட்கர் குழுவினர் 2004இல் அறிமுகம் செய்தது. நோயாளி தசையை மெல்லமாகவும் பிறகு பலமாகவும் இறுக்கும்போது தோலின் மேல் கிடைக்கும் மின்கோலத்தையும் மொத்த மின்துடிப்பையும் சேர்த்து ஒரு குறியீட்டெண் கணக்கிடுவார்கள். வலி குறைவு, நேரமும் குறைவு. 2015இல் நியூவிர்த் குழுவினர் ஆறு தசைகளில் 15 மாதம் தொடர்ந்து பார்த்தபோது அது மாதத்துக்குச் சுமார் 3 விழுக்காடு சரிந்தது. அன்றாடச் செயல்களைக் கேட்டு மதிப்பிடும் வழக்கமான செயற்பாட்டுப் பட்டியலின் மதிப்பெண் அதைவிட மெதுவாகவே குறைந்தது. வேகமாகச் சரிகிற அளவுதான் ஆய்வுக்கு வசதி. ஆனால் இம்முறை முழுக்க மின்முனை வைக்கும் இடத்தை நம்பியிருக்கிறது. சில மில்லிமீட்டர் தள்ளி ஒட்டினால் மேடு குட்டையாகிவிடும். மேடு குட்டையானால் குறியீட்டெண்ணும் பொய். எனவே பெரிய ஆய்வுகளில், நோயாளியைத் தொடுவதற்கு முன் அளவெடுப்பவர் நலமான ஆட்களைப் பல முறை அளந்து, தன் அளவுகளின் சிதறல் 20 விழுக்காட்டுக்குள் அடங்குவதைக் காட்டவேண்டும் என்று விதி வைத்தார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொள்பவை. ஒரு குழுவில் ஆளுக்கு ஆள் மின்துடிப்பின் சிதறல் 3 மில்லிவோல்ட். அளவெடுப்பதில் வரும் பிழை 1 மில்லிவோல்ட். ஆட்களின் சிதறலின் வர்க்கத்தை, அதோடு பிழையின் வர்க்கமும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்தால் வருவது நம்பகக் கெழு. இங்கே ஒன்பதைப் பத்தால் வகுத்து 0.9. அருமையான முறை என்று கட்டுரை எழுதிவிடலாம். அதே கருவியையும் அதே ஆளையும் வேறொரு ஆய்வுக்கு அழைத்துப்போகிறோம். அங்கே நோய் தொடங்கி ஓராண்டுக்குள் வந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே நிலை, சிதறல் 1 மில்லிவோல்ட்தான். இப்போது கெழு ஒன்றை இரண்டால் வகுத்து 0.5. கருவி கெடவில்லை, பிழையும் கூடவில்லை, ஆட்கள்தான் மாறினார்கள். ஒரு நாட்டில் ஒரு மருத்துவமனையில் எடுத்த 0.9ஐ இன்னொரு ஊர் ஆய்வின் விண்ணப்பத்தில் ஒட்டிவைப்பதற்கு ஏன் அர்த்தமில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

கெழுவே கூட இரண்டாம் பட்சம். 6 மில்லிவோல்ட்டில் தொடங்கும் கை மாதம் 3 விழுக்காடு குறைந்தால் ஒரு மாதச் சரிவு 0.18. இரண்டு அளவுகளைக் கழிக்கும்போது இரண்டின் பிழையும் சேர்ந்து சுமார் 1.4 ஆகும். தனி ஒருவரிடம் சரிவு இந்த இரைச்சலை எட்டிப்பிடிக்கவே எட்டு மாதம் போக வேண்டும். மருந்து அந்தச் சரிவில் மூன்றில் ஒரு பங்கைத் தடுக்கிறது என்றால் நாம் தேடும் வித்தியாசம் அதைவிடச் சிறியது. நூறு பேரின் சராசரி எடுத்தால் இரைச்சல் பத்தில் ஒன்றாகக் குறையும் என்று புள்ளியியலார் ஆறுதல் சொல்வார்கள். தாறுமாறாக வரும் பிழைக்கு அது சரி. ஒரே பக்கம் சாயும் பிழைக்கு நூறு பேரைச் சேர்த்தாலும் ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் பயனில்லை.

ஒரே பக்கம் சாயும் பிழை எங்கிருந்து வரும் என்று கேட்டால் நான் பேராக்கின் தலைநகர் ஈப்போவின் வெயிலையும் குளிர்சாதன அறையையும் காட்டுவேன். நரம்பு குளிர்ந்தால் கடத்தும் வேகம் ஒவ்வொரு பாகைக்கும் நொடிக்கு இரண்டு மீட்டர் அளவுக்குக் குறையும். மேட்டின் உயரமோ கூடும். கையின் தோல் வெப்பம் 32 பாகைக்குக் குறையக்கூடாது என்பது பொது விதி. குளிர் நாட்டுக்காரர்கள் இதை மறப்பதில்லை; கையைச் சூடாக்கிவிட்டுத்தான் தொடங்குவார்கள். நம் ஊரில் வெளியே கொளுத்துகிறது, கை எப்படிக் குளிரும் என்ற நினைப்பு. முக்கால் மணி நேரம் குளிர்சாதனக் காற்றின் கீழ் உட்கார்ந்திருந்த மெலிந்த கை சீக்கிரம் குளிர்ந்துவிடும். நோய் முற்ற முற்றத் தசை கரைந்து கை இன்னும் எளிதில் குளிரும். அப்போது மேடு உண்மையைவிட உயரமாக வரும். நோய் மெதுவாகப் போவதுபோலத் தோன்றும்.

அடுத்து, அந்தக் கை யாருடையது என்ற கேள்வி. 1877இல் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்ட இந்த மாநிலத்தில்தான் மூன்று நான்கு தலைமுறைத் தமிழர்கள் பால்மரம் வெட்டினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளிகள் நடுத்தெருவுக்கு வராமல் காக்க, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னால் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் காலியாயின. எழுபதுகளில் இளவயதில் தோளில் பால்வாளிக் காண்டா தூக்கியவர்கள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். இயக்க நரம்பு நோய் அதிகம் தாக்கும் வயதும் ஏறக்குறைய அதுதான்.

அந்தக் கையில் இயக்க நரம்பு நோய் வருவதற்கு முன்பே இரண்டு விருந்தாளிகள் குடியேறியிருக்கக்கூடும். ஒன்று இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. நீண்ட நாள் இனிப்பு நீர் நரம்பை அரிக்கும். இயக்க நரம்புகளையும் விடாது. இன்னொன்று மணிக்கட்டு நரம்பு நெருக்கம். ஆண்டுக்கணக்கில் மணிக்கட்டை வளைத்துப் பலமாகச் செய்யும் வேலை அதற்கு ஒரு காரணம். இனிப்பு நீரும் துணை போகும். அது கட்டைவிரல் மேட்டைத்தான் கரைக்கும்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இயக்க நரம்பு நோயில் கையின் தசைகள் ஒரே சீராகக் கரைவதில்லை. கட்டைவிரல் பக்கம் முதலில் குழிவிழும். சுண்டுவிரல் மேடு நெடுநாள் தாக்குப்பிடிக்கும். பிளவுக் கை என்று இதற்குப் பெயர் வந்துவிட்டது. சுண்டுவிரல் மேட்டின் மின்துடிப்பைக் கட்டைவிரல் மேட்டின் மின்துடிப்பால் வகுத்தால் நலமானவர்களுக்குச் சுமார் 0.6 முதல் 1.7 வரை வரும். அதைத் தாண்டினால் இந்நோயைச் சந்தேகிப்பார்கள். மணிக்கட்டு நெருக்கம் உள்ள பழைய பால்வெட்டுக்காரரின் கையும் இதே விகிதத்தைக் காட்டலாம். விகிதத்தை மட்டும் நம்புகிற மருத்துவர் ஏமாறுவார். உணர்வு நரம்பையும் சோதித்தால் பெரும்பாலும் குட்டு வெளிப்படும், ஏனெனில் இயக்க நரம்பு நோய் பொதுவாக உணர்வு நரம்பைத் தொடாது. ஆனால் இனிப்பு நீர் உணர்வு நரம்பையும் கெடுத்து வைத்திருந்தால்? பல ஆய்வுகள் இத்தகையவர்களைச் சேர்ப்பதே இல்லை. அளவு தூய்மையாகிறது, மூன்றில் ஒருவருக்கு இனிப்பு நீர் உள்ள சமூகம் ஆய்விலிருந்து கழிகிறது. மருந்து சந்தைக்கு வந்ததும் அதை வாங்கிச் சாப்பிடப் போகிறவர்களில் அவர்களும் உண்டு.

அதே விகிதம் தலைகீழாகவும் பேசும். ஜப்பானில் ஹிராயாமா 1959இல் விவரித்த நோயில் இளைஞர்களின் ஒரு கை மெலியும். சில ஆண்டுகளில் தானாக நின்றுவிடும். அங்கே சுண்டுவிரல் பக்கம்தான் முதலில் கரையும், விகிதம் 0.6க்குக் கீழே இறங்கும். பெங்களூரில் கௌரிதேவி குழுவினர் 1984இல் 23 பேரிடம் கண்டு எழுதிய ஒற்றை அவயவ மெலிவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இன்னும் நெருக்கமானது மதராஸ் இயக்க நரம்பு நோய். மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் 1970இல் சென்னையில் இனம்கண்டது. இளவயதில் தொடங்கும், முகமும் நாக்கும் தளரும், பலருக்குக் காது மந்தமாகும், ஆண்டுக்கணக்கில் ஆமை வேகத்தில் நகரும். நளினி குழுவினர் 36 ஆண்டுகளில் பார்த்த 116 தென்னிந்திய நோயாளிகளின் வரலாற்றை 2008இல் வெளியிட்டார்கள். தென்னிந்திய வேர் கொண்ட பேராக்கில், மெலிந்த கையோடும் மந்தமான காதோடும் ஓர் இளைஞன் வந்தால் நரம்பியல் மருத்துவருக்கு 1970ஆம் ஆண்டுக் கட்டுரை நினைவுக்கு வரவேண்டும். தவறி இப்படிப்பட்ட ஒருவர் மருந்து ஆய்வுக்குள் நுழைந்தால் அவருடைய அளவுகள் மிகவும் நம்பகமாக, மாதாமாதம் மாறாமல் இருக்கும். மருந்துக் குழுவில் அவர் விழுந்தால் மருந்துக்குப் பெருமை.

மின்சாரம் இல்லாத அளவுகளும் இதே கதைதான். 1999இல் திருத்தப்பட்ட செயற்பாட்டுப் பட்டியலில் 12 கேள்விகள், 48 மதிப்பெண். உலகம் முழுக்கப் பல ஆய்வுகளின் முதன்மை அளவுகோல் இன்றும் அதுவே. கையெழுத்து எப்படி இருக்கிறது, கத்தி கரண்டி பிடித்து உணவை வெட்ட முடிகிறதா, படி ஏற முடிகிறதா என்று கேட்கும். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவதோடு நின்று கைநாட்டுக்கே பழகிய அம்மாவிடம் கையெழுத்தைப் பற்றி என்ன கேட்பது? லயத்து வீட்டில் ஏது மாடிப்படி? உணவை எடுத்துக்கொள்வோம். சோற்றைப் பிசைந்து, விரல் நுனியில் திரட்டி, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுகிறோம். அந்தத் தள்ளலைச் செய்வது பிளவுக் கையில் முதலில் சாகிற தசைகள். ரசம் சோறு விரலிடுக்கில் வழியத் தொடங்குவதை வீட்டில் இருக்கும் மகள் எந்தப் பட்டியலுக்கும் முன்பே பார்த்துவிடுகிறாள். கரண்டிக் கேள்வியைக் கேட்டால், "எப்போதாவதுதான் பிடிப்பேன், பரவாயில்லை" என்று பதில் வரும். முழு மதிப்பெண் விழும். மாதத்துக்குச் சராசரி ஒரு மதிப்பெண் குறையும் நோயில் ஒரு மதிப்பெண் தவறு என்பது ஒரு மாதத் தவறு. ஜப்பானில் உயர் அளவு மெத்தில்கோபாலமினுக்குச் சாதகமாக 2022இல் வெளியான முடிவே 16 வாரத்தில் சுமார் 2 மதிப்பெண் வித்தியாசத்தின் மேல் நிற்கிறது.

தசை பலத்தை அளக்கும் கையடக்க விசைமானியிலும் ஒரு வேடிக்கை உண்டு. நோயாளி தள்ளுவார், அளவெடுப்பவர் எதிர்த்துத் தாங்க வேண்டும். நாற்பது வருடம் மரம் வெட்டிய தோளை எதிர்த்து ஒல்லியான டெக்னீஷியன் நின்றால், கருவி காட்டுவது டெக்னீஷியனின் பலத்தை. தொடக்க மாதங்களில் உண்மையான சரிவு நடந்துகொண்டிருக்கும், எண் அசையாது.

மூச்சுத் தசைக்கு வருவோம். பல ஆய்வுகளில் சேர, ஊதும் காற்றின் அளவு எதிர்பார்க்கப்படும் அளவில் இத்தனை விழுக்காடு இருக்கவேண்டும் என்று நிபந்தனை உண்டு. எடரவோன் மருந்தை ஜப்பானில் நிலைநாட்டிய ஆய்வில் அது 80. யாரை வைத்து எதிர்பார்ப்பது? 2012இல் வெளியான உலக நுரையீரல் அளவுச் சமன்பாடுகளில் வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், வடகிழக்கு ஆசியர், தென்கிழக்கு ஆசியர் என்று பிரிவுகள் இருந்தன. இந்தியத் துணைக்கண்டத்தாருக்குத் தனிப் பிரிவு இல்லை. ஈப்போவில் ஊதும் ஒரு தமிழரைத் தென்கிழக்கு ஆசியராக எண்ணினால் ஒரு விழுக்காடு, வெள்ளையராக எண்ணினால் வேறொன்று. ஊதும் காற்று ஒன்றுதான், ஒரு பிரிவின்படி அவர் ஆய்வுக்கு உள்ளே, இன்னொரு பிரிவின்படி வெளியே. 2022இல் இனப் பிரிவில்லாத பொதுச் சமன்பாடு வந்திருக்கிறது. உதடு தளர்ந்தவரின் வாயோரம் கசியும் காற்றை எந்தச் சமன்பாடும் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

இத்தனை வம்பு எதற்கு, இரத்தத்தில் பார்த்துவிடலாமே என்று ஓர் அணி சொல்கிறது. SOD1 என்ற மரபணுவில் பிறழ்வு உள்ளவர்களுக்கான டோஃபர்சென் மருந்து 2023இல் அமெரிக்காவில் விரைவு அனுமதி பெற்றது, நரம்பு சிதையும்போது இரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட் புரதம் குறைந்ததை வைத்துத்தான். 28 வாரச் செயற்பாட்டு மதிப்பெண்ணில் அது தேறவில்லை. புரதம் குறைந்தது நல்ல செய்தி. ஆனால் நோயாளி கேட்பது கட்டைவிரல் சோற்றைத் தள்ளுமா என்றுதான். அதற்கு எப்படியும் தசையைத்தான் அளக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் பல இன நோயாளிகளையும் தொடர்ந்து கவனித்துப் பதிவு செய்கிறது. அங்கோ, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற இடத்திலோ ஓர் ஆய்வு தொடங்கும்போது, மருந்தைத் தொடுவதற்கு முன் உள்ளூர் நோயாளிகள் சிலரை ஒரு வார இடைவெளியில் இரு முறை, இரு வேறு ஆட்களை வைத்து அளந்து பார்க்க வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்களைத் தனிப் பட்டியலாக்கி அவர்களுடைய பிழையையும் அளக்க வேண்டும். தோல் வெப்பத்தை ஒவ்வொரு முறையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஒரு நோயாளிக்குத் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே டெக்னீஷியன். இவை எதற்கும் புதுக் கருவி தேவையில்லை.

பெரிய ஓட்டை இதற்கு அப்பால் இருக்கிறது. ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் சுமார் 200 கிலோமீட்டர். முதல் மூன்று மாதம் நோயாளி மகனோடு ரயிலில் போய்வருவார். ஆறாம் மாதம் சக்கர நாற்காலி. மகன் வேலைக்கு லீவு எடுக்க வேண்டும். ஒன்பதாம் மாதம் வரமாட்டார். மோசமாகச் சரிகிறவர்கள்தான் முதலில் நிற்பார்கள்; மீதமுள்ளவர்களின் சராசரி தேறியதுபோல் தோன்றும். களைத்து வந்து சேர்ந்தவர் மியூனிக்ஸுக்காகத் தசையை முழுமூச்சாக இறுக்கவும் மாட்டார். 0.9 கெழு கொண்ட கருவி, அளக்க ஆள் இல்லாத அறையில் சும்மா இருக்கும். மின்முனையையும் பெருக்கியையும் ஒரு பெட்டியில் அடக்கிவிடலாம். ஊதும் கருவியும் சட்டைப்பை அளவுக்கு வந்துவிட்டது. டெக்னீஷியன் மாதம் ஒருமுறை சுங்கை சிப்புட்டுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் போய்வரும் காருக்கான பெட்ரோல் செலவு, கடைசி மூன்று அளவுகள் இல்லாத நோயாளிகளை ஈடுகட்டக் கூடுதல் ஆட்களைச் சேர்க்கும் செலவைவிட மிகக் குறைவாகத்தான் இருக்கும். அந்தச் செலவை ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கேட்க வேண்டும்.